சென்சார் கத்துகிறது, பேனல் தூங்குகிறது

வழக்கமாக ஒவ்வொரு கடிதமும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். இந்த முறை வந்தவை பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றின: சென்சார் தரும் அலாரத்தைத் தகவல் தொடர்புக் கம்பி வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்குக் கொண்டுவருவது எப்படி? அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கட்டுப்பாட்டு வால்வு பற்றிக் கேட்டிருந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர்களுக்கு இரண்டு வரி: பி.எல்.சி. என்பது ஆலை இயந்திரங்களை நடத்தும் கட்டுப்பாட்டுக் கணினி; மோட்பஸ் என்பது அதுவும் சென்சார்களும் ஆர்.எஸ்.-485 போன்ற கம்பியில் பேசிக்கொள்ளும் மொழி. அதில் கேட்பவர் மாஸ்டர், பதில் சொல்பவர் ஸ்லேவ்; ரெஜிஸ்டர் என்பது சாதனம் ஒரு எண்ணை வைத்திருக்கும் அறை.

கேள்வி: மேடம், புதிதாக ஒரு வாயுக் கசிவு சென்சார் பொருத்தினோம். ஆர்.எஸ்.-485 கம்பியில் மோட்பஸ் ஆர்.டி.யு. வழியாக பி.எல்.சி.யோடு பேசுகிறது. சோதனை வாயுவைக் காட்டினால் சென்சாரின் முகப்பில் சிவப்பு விளக்கு எரிகிறது, ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அடிக்கிறது. பி.எல்.சி. திரையில் மட்டும் 'நார்மல்' என்றே நிற்கிறது. வாயுவின் செறிவு சரியாகத்தான் வருகிறது. அதைச் சென்சார் கொண்டுவந்தவர்களே அமைத்துக் கொடுத்தார்கள். அலாரம் நிலை கையேட்டில் 40013 என்று இருக்கிறது. நானும் 40013 என்றுதான் கொடுத்தேன். எங்கே தவறு?

பதில்: முதலில் நல்ல செய்தி. செறிவு சரியாக வருகிறது என்றால் கம்பி, ஸ்லேவ் எண், பாட் ரேட் (பேசும் வேகம்), பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்) எல்லாம் சரி. அங்கே கை வைக்காதீர்கள். அலாரம் வரவில்லை என்றதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு டெர்மினலைக் கழற்றப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஓடுகிற லைனையும் கெடுத்துவிட்டு, அப்புறம் ஒரு கோளாறுக்குப் பதில் இரண்டைத் தேடுவார்கள்.

நீங்கள் கேட்கிற இடம் தவறாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வந்த பதிலைப் படிக்கிற விதம் தவறாக இருக்க வேண்டும்.

இடத்தைப் பார்ப்போம். 40013இல் முன்னால் நிற்கும் 4 முகவரியில் சேராது; 'இது ஹோல்டிங் ரெஜிஸ்டர்' என்பதற்கான அடையாளம் அது. 1979இல் மோடிகான் நிறுவனம் தன் பி.எல்.சி.களுக்காக மோட்பஸைக் கொண்டுவந்த காலத்துப் பழக்கம், இன்னும் போகவில்லை. மீதியுள்ள 13உம் அப்படியே கம்பியில் போகாது. கையேட்டில் ரெஜிஸ்டர்களை 1இலிருந்து எண்ணுகிறார்கள், கம்பியில் 0இலிருந்து. 40001 கம்பியில் 0 ஆகிறது, 40013 கம்பியில் 12 ஆகிறது. சில பி.எல்.சி. மென்பொருள்கள் இந்தக் கழித்தலைத் தாமே செய்துகொள்ளும். சில, நீங்கள் கழித்துத் தருவீர்கள் என்று காத்திருக்கும். போதாக்குறைக்குச் சில கையேடுகள் ஏற்கெனவே கழித்த எண்ணை அச்சிட்டுவிட்டு, அதை எங்கேயும் சொல்லாமல் விட்டுவிடும். மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கம்பி முகவரி 11, 12, 13 மூன்றையும் ஒரே கேள்வியில் படிக்கவைத்து, சோதனை வாயுவைக் காட்டும்போது எது மாறுகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

ஃபங்ஷன் கோடையும், அதாவது என்ன வேலை கேட்கிறோம் என்று சொல்லும் எண்ணையும், பார்த்துவிடுங்கள். 4இல் தொடங்குபவற்றுக்கு 03, 3இல் தொடங்குபவற்றுக்கு 04, 1இல் தொடங்கும் ஆன்-ஆஃப் உள்ளீடுகளுக்கு 02. தவறான கோடில் கேட்டால் சாதனம் சும்மா இருக்காது. கேட்ட கோடோடு 128ஐக் கூட்டித் திருப்பி அனுப்பும். 03 என்று கேட்டு 131 என்று வந்தால் அது மறுப்பு. அதற்கு அடுத்த பைட்டில் காரணம் இருக்கும்: 1 என்றால் 'இந்த வேலை எனக்குத் தெரியாது', 2 என்றால் 'அப்படி ஒரு முகவரி என்னிடம் இல்லை'. திட்டாக இருந்தாலும் பதில்தானே, அதற்காகவே சந்தோஷப்படலாம்.

நீங்கள் தவறாகக் கேட்ட முகவரியிலும் வேறொரு ரெஜிஸ்டர் இருந்துவிட்டால் இந்த மறுப்பும் வராது. அதில்தான் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. தொட்டி நிலை டிரான்ஸ்மிட்டர் ஒன்றை நானே அமைத்தேன். மூன்று நாள் தொடர்ந்து காலை பத்தரை வாக்கில் 'உயர் நிலை' அலாரம் வந்தது, மாலையில் தானாகப் போனது. தொட்டியில் பாதி கூட இல்லை. வெயிலில் சென்சாருக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று முடிவு கட்டி, தகரத்தில் ஒரு நிழற்கூரை கூட அடித்தோம். கூரை போட்ட மறுநாள் அலாரம் பன்னிரண்டரைக்கு வந்தது. அப்போதுதான் பொறி தட்டியது. நான் படித்துக்கொண்டிருந்தது அலாரம் ரெஜிஸ்டருக்கு அடுத்த ரெஜிஸ்டரை. அதில் இருந்தது டிரான்ஸ்மிட்டரின் உள் வெப்பநிலை! 31 டிகிரி வரை பிட் 5 (அதன் மதிப்பு 32) பூஜ்யமாக இருக்கும். 32ஐத் தொட்டதும் 1 ஆகிவிடும். என் புரோகிராம் 'உயர் நிலை' என்று பார்த்தது அந்த பிட் 5ஐத்தான். நிழற்கூரை என் தவறை இரண்டு மணி நேரம் தள்ளிப்போட்டது, அவ்வளவே.

இனி, படிக்கிற விதம். உங்கள் கேஸில் எனக்குச் சந்தேகம் இங்கேதான். அலாரம் ரெஜிஸ்டரில் பதினாறு பிட்டுகள் உண்டு. பெரும்பாலான சாதனங்களில் முதல் அலாரத்துக்கு ஒரு பிட், இரண்டாவது அலாரத்துக்கு ஒரு பிட், சென்சார் கோளாறுக்கு ஒரு பிட் என்று ஒதுக்கியிருப்பார்கள். பிட் 0 முதல் அலாரம், பிட் 1 இரண்டாவது அலாரம் என்று வைத்துக்கொள்வோம். புரோகிராமில் 'மதிப்பு 1க்குச் சமமா' என்று எழுதியிருந்தால் முதல் அலாரத்தின்போது மட்டும் வேலை செய்யும். வாயு இன்னும் ஏறி இரண்டாவது அலாரமும் வந்தால் பிட் 0க்கு 1, பிட் 1க்கு 2 என்று சேர்ந்து மதிப்பு 3 ஆகிவிடும். 3 என்பது 1க்குச் சமமில்லை. நிலைமை மோசமாகிற அந்த நொடியில் அலாரம் திரையிலிருந்து மறைந்துவிடும். சோதனை வாயு பெரும்பாலும் நல்ல செறிவோடு வரும், இரண்டு வரம்பையும் ஒரே தாவலில் தாண்டும். உங்கள் திரையில் ஒரு கணம் ஏதாவது மினுக்கியதா என்று கவனித்தீர்களா? மதிப்பை ஒப்பிடாதீர்கள், தனித்தனி பிட்டாகப் பிரித்துப் பாருங்கள்.

கேள்வி: அலாரம் வரம்பைச் சாதனத்தின் பட்டனில் 50.0 என்று வைத்தேன். பி.எல்.சி. அதை 0 என்று படிக்கிறது. சாதனம் பொய் சொல்கிறதா?

பதில்: இல்லை, நீங்கள் வாலைத் தலையாகப் படிக்கிறீர்கள். தசம எண் 32 பிட், மோட்பஸ் ரெஜிஸ்டர் 16 பிட். எனவே ஒரு எண் இரண்டு ரெஜிஸ்டரில் உட்காரும். எந்தப் பாதி முன்னால் வர வேண்டும் என்று மோட்பஸ் சொல்லவில்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்கு வைத்தார்கள். நீங்கள் 50.0 வைத்தது வசதியாகப் போயிற்று. இரண்டு ரெஜிஸ்டரையும் சாதாரண முழு எண்ணாகப் படித்துப் பாருங்கள். ஒன்றில் 16968, இன்னொன்றில் 0 இருக்கும். 16968 முன்னால் நின்றால்தான் 50.0 கிடைக்கும். மாற்றிப் படித்தால் மிக மிகச் சின்ன ஒரு எண் வரும், திரை அதை 0 என்று காட்டும். 'வேர்டு ஸ்வாப்' என்ற தேர்வு உங்கள் மென்பொருளில் இருக்கும், மாற்றிவிடுங்கள்.

இதே வரம்பை பி.எல்.சி.யிலிருந்து எழுதப் போகிறீர்கள் என்றால், இரண்டு பாதியையும் 16 என்ற ஃபங்ஷன் கோடால் ஒரே தடவையில் எழுதுங்கள். 06ஐ வைத்து ஒவ்வொன்றாக எழுதினால் நடுவில் ஒரு கணம் பழைய பாதியும் புதிய பாதியும் சேர்ந்த ஒரு எண் வரம்பாக நிற்கும். அந்தக் கணத்தில் அலாரம் அடிக்கலாம், அடிக்க வேண்டியது அடிக்காமலும் போகலாம்.

கேள்வி: எங்கள் லைனில் 20 சென்சார்கள், 9600 வேகம். சாதாரண நாளில் அலாரம் உடனே வருகிறது. சில நாள் பத்து வினாடிக்கு மேல் தாமதம். வேகத்தை 19200 ஆக்கினால் பாதியாகக் குறையுமா?

பதில்: குறையாது. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

மோட்பஸில் ஸ்லேவ் தானாக வாய் திறக்காது. பள்ளியில் வருகைப் பதிவு எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் எண்ணைக் கூப்பிட்டால்தான் 'உள்ளேன் ஐயா'. வயிற்றுவலி என்றாலும் தன் எண் வரும் வரை காத்திருக்க வேண்டும். உங்கள் பதினேழாவது சென்சாரின் நிலைமையும் இதுதான்.

ஒரு பைட் பாரிட்டியோடு சேர்த்துக் கம்பியில் 11 பிட். 9600இல் அதற்குச் சுமார் 1.15 மில்லி வினாடி. கேள்வி 8 பைட், ஒரு ரெஜிஸ்டருக்கான பதில் 7 பைட், முன்னும் பின்னும் மூன்றரை பைட் நேரம் அமைதி. எல்லாம் சேர்ந்து 25 மில்லி வினாடி. சாதனம் யோசித்துப் பதில் சொல்ல இன்னொரு 25 என்று வையுங்கள். ஒரு சென்சாருக்கு 50, இருபதுக்கு 1 வினாடி. இது சாதாரண நாள். 19200 ஆக்கினால் கம்பியில் ஓடும் 25 மட்டும்தான் பாதியாகும்; சாதனம் யோசிக்கிற நேரம் அப்படியே நிற்கும். 50 என்பது 37, 38 ஆகும்.

அந்த 'சில நாள்' விஷயத்துக்கு வருவோம். அந்த நாட்களில் ஒன்றிரண்டு சென்சார்கள் பராமரிப்புக்காக அணைத்துவைக்கப்பட்டிருந்தனவா? டைம்-அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) 1 வினாடி, மறுமுயற்சி 3 என்று பல மாஸ்டர்களில் முதலிலேயே வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படியானால் அணைந்த ஒரு சென்சாருக்காக மாஸ்டர் 4 வினாடி காத்திருக்கும். மூன்று சென்சார்கள் அணைந்தால் ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 13 வினாடி. வராத பையனின் எண்ணையே நாலு தரம் கூவிக்கொண்டிருக்கும் ஆசிரியரால் வகுப்பே காத்திருக்கிறது.

சாதனத்தின் கையேட்டில் அதிகபட்சப் பதில் நேரம் போட்டிருப்பார்கள். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக டைம்-அவுட் வையுங்கள். 200, 300 மில்லி வினாடி பெரும்பாலும் போதும். மறுமுயற்சி 1. பதில் சொல்லாத சாதனத்தை ஒவ்வொரு சுற்றிலும் கேட்காமல் அரை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் வசதி பல மாஸ்டர்களில் உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். இன்னொன்று: அளவையும் அலாரம் நிலையையும் தனித்தனியாகக் கேட்காதீர்கள். அடுத்தடுத்த ரெஜிஸ்டரில் இருந்தால் ஒரே கேள்வியில் வாங்கலாம். கூடுதல் ரெஜிஸ்டர் ஒன்றுக்கு 2 பைட்தான், 2.3 மில்லி வினாடி. தனிக் கேள்வி என்றால் மறுபடி 50.

சுற்றுக்குச் சுற்று நடுவில் வந்து மறையும் குட்டி அலாரங்களும் உண்டு. ஒரு வினாடி சுற்றில் அரை வினாடி அலாரம் கண்ணில் படாமலே போகலாம். அதற்குச் சாதனத்தில் 'லாட்ச்' போட்டுவிட வேண்டும். யாராவது பார்த்து ரீசெட் செய்யும் வரை பிட் 1ஆகவே நிற்கும்.

கேள்வி: சென்சாருக்கு மின்சாரம் போய் அரை நாள் ஆகியும் திரையில் பழைய அளவே நின்றது, அலாரமும் 'நார்மல்'. இது பி.எல்.சி. கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. அதனிடம் யாரும் வேறு மாதிரி சொல்லவில்லை, அதனால் அப்படி நடந்துகொண்டது. பெரும்பாலான மாஸ்டர்கள் பதில் வராதபோது கடைசியாக வந்த மதிப்பையே வைத்துக்கொள்ளும். செறிவு 0, அலாரம் 0 என்று வந்த நேரத்தில் சென்சார் இறந்தால், இறந்த சென்சார் நாள் முழுக்க 'நலம்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்த ஒரு விஷயத்தை நான் எந்தப் பணியிலும் விட்டுக்கொடுத்ததில்லை. அலாரம் பிட்டைத் திரைக்குக் கொண்டுவருவதற்கு முன்னால், 'தொடர்பு இல்லை' என்ற பிட்டைக் கொண்டுவரச் சொல்வேன். ஒவ்வொரு ஸ்லேவுக்கும் தனியாக. அந்த பிட் வந்தால் அது ஒரு அலாரம்; திரையில் எண்ணுக்குப் பதில் கோடு வர வேண்டும், பழைய எண் நிற்கக் கூடாது. 'சார், வீணாக அலாரம் கூடுது' என்று என் பையன்களே முணுமுணுத்திருக்கிறார்கள். (என்னையும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள், பழகிவிட்டது.) முணுமுணுக்கட்டும்.

நடுவில் கேட்வே (இரண்டு வகை இணைப்புகளைச் சேர்க்கும் பெட்டி) இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு பக்கம் ஆர்.எஸ்.-485, மறுபக்கம் மோட்பஸ் டி.சி.பி. (கணினி நெட்வொர்க்கில் ஓடும் மோட்பஸ்) என்று நிற்கும் பெட்டிகளில் சில, சென்சார்களின் மதிப்புகளைத் தம் நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு பி.எல்.சி.க்கு அங்கிருந்து பதில் சொல்லும். பின்னால் சென்சார் செத்துக் கிடக்கும், முன்னால் கேட்வே சிரித்த முகத்தோடு பழைய எண்ணை நீட்டும். பி.எல்.சி. பார்வையில் தொடர்பு நன்றாக இருக்கிறது! நேரடியாகக் கடத்திவிடும் வகை கேட்வே, சென்சார் பதில் சொல்லாவிட்டால் 11 என்ற மறுப்பு எண்ணைத் தரும், அது நல்லது. சேர்த்து வைக்கும் வகை என்றால், ஒவ்வொரு ஸ்லேவின் தொடர்பு நிலையையும் அது தனி ரெஜிஸ்டரில் தருகிறதா என்று தேடுங்கள். சாதனத்தில் ஓயாமல் ஏறிக்கொண்டே போகும் கவுண்ட்டர் ரெஜிஸ்டர் இருந்தால் இன்னும் சிறப்பு. அது ஐந்து வினாடி மாறாவிட்டால் 'தொடர்பு இல்லை' என்று எழுதிவிடலாம்.

தொடர்பு இருந்தும் எண் உறைந்து போவதுண்டு. 2005 டிசம்பர் 11 அதிகாலை, இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் அதுதான் நடந்தது. பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்த தொட்டியின் அளவுமானி ஓரிடத்தில் சிக்கி நின்றுவிட்டது. திரையில் எண் இருந்தது, ஆனால் நகரவில்லை. அளவு வரம்பைத் தொட்டால்தானே அலாரம் வரும்? தனியாக வைத்திருந்த உயர்நிலை சுவிட்சும் கைவிட்டது. அதன் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் பிடித்துவைக்க வேண்டிய பூட்டை மாட்டாமல் விட்டிருந்தார்கள். தொட்டி வழிந்தது, ஆவி பரவித் தீப்பிடித்தது. எனவே பம்ப் ஓடும்போது நிலை மாறாமல் நின்றால் அதற்கும் ஒரு அலாரம் எழுதுங்கள். நாலு வரி புரோகிராம்.

கேள்வி: சென்சாரின் ரிலே சாதாரண நேரத்தில் ஆனில் இருக்க வேண்டுமா, ஆஃபிலா?

பதில்: ஆனில். அலாரம் வந்தால் விழ வேண்டும். அப்போதுதான் மின்சாரம் போனாலும் கம்பி அறுந்தாலும் ரிலேயின் காயில் (கம்பிச் சுருள்) எரிந்தாலும் அலாரமாகவே தெரியும். பம்பை நிறுத்துவது, வால்வை மூடுவது மாதிரி உயிர் காக்கும் வேலைகளுக்கு அந்த ரிலேயின் கம்பியை நேராக இழுங்கள், மோட்பஸை நம்ப வேண்டாம். மோட்பஸ் சேதி சொல்ல, ரிலே செயலில் இறங்க.

கேள்வி: எங்களிடம் இருப்பது 4-20 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்மிட்டர் (4 என்றால் 0 சதவீதம், 20 என்றால் 100), ஹார்ட் வசதியோடு (அதே கம்பியில் தகவலும் அனுப்பும் முறை). சென்சார் கெட்டபோது பி.எல்.சி.யில் 'நிலை மிகக் குறைவு' என்று அலாரம் வந்து, ஆபரேட்டர் தொட்டியை நிரப்பப் போய்விட்டார். கோளாறு அலாரத்தை ஹார்ட் வழியாக எடுக்கலாமா?

பதில்: நல்லவேளை, யாரோ தடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எடுக்கலாம், ஆனால் அதற்கு முன் மில்லி ஆம்பியரையே ஒழுங்காகப் படியுங்கள். நாமுர் என்ற தொழில்துறை அமைப்பின் என்.இ.43 என்ற பரிந்துரை இதற்காகவே இருக்கிறது. 3.8 முதல் 20.5 வரை அளவு, 3.6 அல்லது அதற்குக் கீழே, 21 அல்லது அதற்கு மேலே போனால் டிரான்ஸ்மிட்டர் கோளாறு. உங்கள் டிரான்ஸ்மிட்டர் கெட்டதும் 3.6க்கு இறங்கிச் சரியாகத்தான் சொன்னது. பி.எல்.சி. 4க்குக் கீழே எது வந்தாலும் 0 சதவீதம் என்று வெட்டிவிட்டு, அதையே தொட்டி காலி என்று படித்தது. வெட்டுவதற்கு முந்தைய மதிப்பை எடுத்து, 3.6க்கோ அதற்குக் கீழேயோ போனால் 'கோளாறு' என்று தனி அலாரம் வையுங்கள். அது வந்திருக்கும்போது 'குறைவு' அலாரத்தை அடக்கிவிடுங்கள்.

கெட்டால் மேலே போக வேண்டுமா, கீழே போக வேண்டுமா என்பதை டிரான்ஸ்மிட்டரில் ஒரு ஜம்பரோ ஒரு மெனுவோ தீர்மானிக்கும். வழிந்தால் ஆபத்து என்ற தொட்டிக்கு மேலே போகும்படி வைப்பேன். வற்றினால் பம்ப் கெடும் என்ற தொட்டிக்குக் கீழே.

ஹார்ட் அதே கம்பியில் 1200, 2200 ஹெர்ட்ஸ் மின் அலைகளாக வினாடிக்கு 1200 பிட் அனுப்புகிறது. வினாடிக்கு இரண்டு மூன்று பரிமாற்றம்தான். அவசரச் சேதிக்கு அது ஆகாது. எந்தப் பாகம் கெட்டது என்று விசாரிக்க அருமையானது. லூப்பில் 250 ஓமாவது இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் ஹார்ட் பேச்சு கேட்காது.

கேள்வி: அலாரம் வந்து வந்து போகிறது. ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கில். ஆபரேட்டர்கள் பார்க்காமலே பட்டனை அமுக்குகிறார்கள்.

பதில்: அவர்கள் மேல் தப்பில்லை. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவனில் ஒரு சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு 275 அலாரங்கள் வந்தன. எந்த மனிதன் படிப்பான்?

ஹிஸ்டெரிசிஸ் வையுங்கள். 80இல் வரும் அலாரம் 79.9இல் போகக் கூடாது, 75இல் போகட்டும். நிலை, பாய்வு இரண்டுக்கும் 5 சதவீதம், அழுத்தத்துக்கு 2, வெப்பநிலைக்கு 1 என்று தொடங்கி, பிறகு ஓட்டிப் பார்த்துத் திருத்தலாம். அலை அடிக்கும் தொட்டிக்குத் தாமதமும் கொடுக்கலாம். வாயு சென்சாருக்குத் தாமதத்தில் கஞ்சத்தனம் காட்டுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: சென்சாரில் ஒரு தாமதம், பி.எல்.சி.யில் ஒரு தாமதம், திரை மென்பொருளில் ஒரு தாமதம் என்று மூன்று பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்திருப்பார்கள். ஒரே இடத்தில் வையுங்கள், எந்த இடம் என்று பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: லாட்ச் ஆன அலாரத்தைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே மோட்பஸில் ரீசெட் செய்ய முடியுமா?

பதில்: முடியும். ரீசெட்டைக் காயிலாக (எழுதக்கூடிய ஆன்-ஆஃப் பிட்) கொடுத்திருந்தால் 05 என்ற கோட், மதிப்பு பதினாறடிமான எண்ணில் எஃப்.எஃப்.00. வெறும் 1ஐ அனுப்பிவிட்டு 'மறுக்கிறது' என்று எழுதுபவர்கள் அதிகம். ஆனால் வாயு அலாரத்துக்கு நான் இதைச் செய்யவிட்டதில்லை. ஒருவர் மீட்டரோடு அங்கே போய்ப் பார்த்துவிட்டு அங்கேயே அமுக்கட்டும். ஸ்லேவ் எண் 0இல் எழுதினால் லைனில் உள்ள எல்லாருக்கும் போய்ச் சேரும், யாரும் பதிலும் சொல்ல மாட்டார்கள், எனவே அந்தப் பக்கமே போகாதீர்கள். மோட்பஸுக்குக் கடவுச்சொல் கிடையாது. லைனில் கை வைத்தவர் யாராக இருந்தாலும் எழுதலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: கேட்காமலே அலாரம் சொல்லும் நெறிமுறை எதுவும் இல்லையா?

பதில்: உண்டு. ஐ.ஓ.-லிங்க் சென்சார் ஏதாவது ஆனால் ஒரு கொடியைத் தூக்கிக் காட்டும், மாஸ்டர் போய் விவரம் கேட்டுக்கொள்ளும். கம்பி நீளம் 20 மீட்டருக்குள். எனக்குப் பிடித்தது எம்.கியூ.டி.டி. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க 1999இல் உருவானது. அதில் 'கடைசி உயில்' என்று ஒன்று உண்டு. சாதனம் இணையும்போதே, 'நான் திடீரென்று காணாமல் போனால் இந்தச் சேதியை எல்லாருக்கும் சொல்லிவிடு' என்று புரோக்கரிடம் (நடுவில் நின்று சேதிகளை வாங்கி விநியோகிக்கும் சர்வர்) கொடுத்து வைக்கும். உயிரோடு இருப்பதைச் சொல்ல வேண்டிய இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு நேரம் சாதனத்திடமிருந்து எதுவும் வராவிட்டால், புரோக்கர் அந்த உயிலை வாசித்துவிடும். மோட்பஸில் நாம் கையால் எழுதுகிற 'தொடர்பு இல்லை' பிட், இதில் கூடவே பிறந்தது. பல அமைப்புகளில் இந்த உயில் பகுதியைக் காலியாக விட்டுவிடுகிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

கேள்வி: வணக்கம் மேடம், நான் பயிற்சியில் இருக்கிறேன். ஆர்.எஸ்.-485இல் ஏ, பி கம்பிகளைக் கையேட்டில் உள்ளபடி இணைத்தும் ஒரு சாதனம் மட்டும் பேசவில்லை. மற்றவை பேசுகின்றன. என் இணைப்பு சரி என்றுதான் நினைக்கிறேன்.

பதில்: தம்பி, உங்கள் இணைப்பு சரியாகத்தான் இருக்கும். ஏ எது, பி எது என்பதில் தயாரிப்பாளர்களே ஒத்துப்போகவில்லை. ஒருவர் ஏ என்பதை இன்னொருவர் பி என்பார். அந்த ஒரு சாதனத்தில் மட்டும் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஒன்றும் எரியாது. அதற்கும் பேசாவிட்டால் ஸ்லேவ் எண் வேறு யாருடையதோடாவது மோதுகிறதா, பாரிட்டி மற்றவர்களோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியே ஒரு வேலை. லைன் முழுவதையும் மின்சாரம் இல்லாமல் அணைத்துவிட்டு, ஏ, பி இரண்டுக்கும் நடுவில் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். லைனின் இரண்டு முனையிலும் போட வேண்டிய 120 ஓம் ரெசிஸ்டர்கள் இருந்தால் 60 வாக்கில் காட்டும். 120 என்றால் ஒரு முனையில் இல்லை. 40 என்றால் யாரோ நடுவில் மூன்றாவதாக ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஏதாவது சாதனத்துக்குள் ஒரு சின்ன சுவிட்ச் ஆனில் இருக்கும். என்ன காட்டியது என்று எழுதுங்கள்.